சிரித்துக்கொண்டே சொன்னது

கொட்டாரத்தில் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறேன். அண்டா, உருளி, சோற்றுக் கரண்டி, பந்திக்கு மேசை, நாற்காலி என்று எல்லாம் உண்டு. பாத்திரம் எடுக்க வருகிறவர்களுக்கு அதோடு ஒன்றைச் சும்மாவே கொடுத்து அனுப்புவேன். சிரிப்பு. 'ராஜமணி அண்ணாச்சி கடைக்குப் போனா வயிறு வலிக்கச் சிரிச்சிட்டு வரலாம்' என்று ஊரில் பேச்சு. அந்தச் சிரிப்புக்கு முதல் போட்டவள் என் மனைவி கனி. அது அவளுக்குத் தெரியாது.

கனிக்குப் பத்து வருஷமாகக் காது கேட்காது. முதலில் வலது காது போனது, பிறகு இடது. வீட்டில் பக்கத்தில் நின்று கத்தினால் பாதி புரியும், மீதியைக் கையால் காட்டுவேன். நாலு பேர் கூடிவிட்டால் ஒன்றும் கேட்காது. அப்போது முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் கோபமாக இருக்கிறார்கள், யார் விளையாடுகிறார்கள் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எப்படி ஆரம்பித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அண்டா எடுத்துவரச் சொன்னதற்கு உருளியோடு வந்து நின்றாள். கடையில் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண்டாட்டியை ஏசினால் மரியாதையாக இருக்காதே என்று, அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "இவளைக் கெட்டினதுக்குப் பதிலா ரெண்டு எருமையை வாங்கிக் கெட்டியிருந்தா பாலாவது கெடச்சிருக்கும்."

நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கனி என் முகத்தைப் பார்த்தாள், அவர்கள் முகத்தைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போங்க அத்தான்" என்று வெட்கப்பட்டாள். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதில் ஒரு போதை இருக்கிறது. அன்றே அது என் தலைக்கு ஏறிவிட்டது.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எருமை நிரந்தரம். அதோடு அவள் வைக்கிற குழம்பு, அவள் நடை, அவள் அண்ணன் தம்பிமார் என்று நாளுக்கொன்று சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்குள் அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. தலைவலி என்றால் நானே சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பேன். அதனால் இதெல்லாம் வெறும் தமாசு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மகள் சுபிதா கடையில் இருக்கும்போது ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அது தமாசு இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

சுபிதா திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் வருவாள். போன ஆவணியில் ஒற்றைக்காலில் நின்று அம்மாவை வடசேரியில் இருக்கும் காது பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கி மாட்டிவிட்டாள். முப்பது நாள் போட்டுப் பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் கனி பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தாள். தன் வளையல் சத்தத்துக்கே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். குக்கர் விசில் அடித்தபோது கையில் இருந்த தட்டத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஆனால் மனுஷக் குரலைப் பற்றி ஒரு குறை சொன்னாள்.

"எல்லாருக்க சத்தமும் ஒண்ணு போல இருக்கு. பஸ் ஸ்டாண்டு மைக்குல சொல்லுத மாதிரி."

அந்த வடசேரி நிலையத்தில் பிரீனா என்று ஒரு பெண் பரிசோதனை செய்கிறாள். குழித்துறைக்காரி, பேசினால் பாடுவது போலவே இருக்கும். அவள் விளக்கினாள்: "மெஷின் சின்ன சத்தத்தைக் கூட்டும், பெரிய சத்தத்தைக் குறைக்கும். அதுல குரலுக்க ஏற்ற எறக்கம் கொஞ்சம் நெரவிப் போவும் ஆன்ட்டி. அதும் இல்லாம உங்க மூளை பத்து வருசமா அதை மறந்திருக்கும். மொதல்ல வார்த்தை வரும். ராகம் பெறகுதான் வரும்."

அதற்கு ஒரு பயிற்சியும் கொடுத்தாள். வீட்டு ஆள் ஒருவர் கனியின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரே வாக்கியத்தை நாலு விதமாகச் சொல்ல வேண்டும். 'சாப்பிட்டியா' என்றால் அதைச் சிரிப்பாக, கோபமாக, சங்கடமாக, பிரியமாக. அவள் முகத்தைப் பார்க்காமல், எது என்று கண்டுபிடித்து நோட்டில் குறிக்க வேண்டும். சனி ஞாயிறு சுபிதா செய்வாள். மற்ற நாட்கள் என் பொறுப்பு. நான் இரண்டு நாள் செய்தேன். முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கட்டிய பெண்டாட்டியிடம் பிரியமாகச் சாப்பிட்டியா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

சத்தம் பழகும் வரைக்கும் கனி கடைக்கு வராமல் வீட்டிலேயே இருந்தாள். மூன்றாவது வாரம் எங்கள் தெரு குமாரதாஸ் வீட்டில் மகள் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே அக்கம் பக்கத்தார் எல்லாரும் கூடிக் காய் வெட்டுவார்கள். ஓலைப்பாயில் வட்டமாக உட்கார்ந்து, சேனையும் வெள்ளரியும் வழுதலங்காயும் குவிந்து கிடக்க, கையை விட வாய்தான் அதிகமாக வேலை செய்யும். நான் லோடு ஆட்டோவில் பாத்திரம் இறக்கினேன். கனியும் கூட வந்து சேனை வெட்டிக்கொண்டிருந்தாள். காதை மறைத்துப் பிச்சிப்பூ தொங்கியது. மெஷின் வெளியே தெரியவில்லை. எனக்கும் நினைவில்லை.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எருமை ஒண்ணும் இல்லியா?" என்று குமாரதாஸ் எடுத்துக் கொடுத்தார்.

கேட்கவா வேண்டும்? நான் போய்க் கனியின் தோளில் கையை வைத்தேன். சிரித்தேன். சொன்னேன். எருமை, கெட்டினது, பால், ஒரு எழுத்து விடாமல். அதற்கு மேல் புதிதாக, "எருமைன்னா கூப்பிட்டா காதையாவது ஆட்டும்" என்றும் சேர்த்தேன்.

பாயில் இருந்தவர்கள் உருண்டார்கள். கனியின் கத்தி நின்றது. அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். என் சிரிப்பு அப்படியே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான். எப்போதும் உடனே வருவது அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. அப்போதுதான் பூவுக்குள் மெஷினின் சின்ன வயர் என் கண்ணில் பட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஏச்சு விழும், அழுகை வரும் என்று காத்திருந்தேன். பாதி வழியில் சொன்னாள்.

"அத்தான், இந்த மெஷின் சரியில்ல."

"என்ன செய்யுது?"

"வார்த்தையெல்லாம் தெளிவாத்தான் வருது. நீங்க சொல்லுத விதம் வரல்ல. அங்க வச்சு எருமைன்னு என்னமோ சொன்னீங்கல்லா, அது ஏச்சு மாதிரி கேட்டுது. நீங்க எவ்வளவு பிரியமா சிரிச்சிட்டு சொன்னீங்க! முன்னால எல்லாம் நீங்க இப்படித் தோளுல கை வச்சு சொல்லும்போ, என்னைப் பத்தி நல்லதா என்னமோ சொல்லுதாருன்னு தெரியும். எல்லாரும் சந்தோசமா சிரிப்பாவ. காது கேக்கலன்னாலும் எனக்கு அது போதும். எனக்க அக்கா கிட்ட கூட சொல்லியிருக்கேன், ஊர்ல எந்த ஆம்பிள பெண்டாட்டியை நாலு பேரு முன்னால இப்படிப் புகழுவான்னு."

ஆட்டோ பக்கத்து வயலில் இறங்காமல் போனது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. பத்து வருஷமாக அவள் என்னைப் பற்றி அக்காவிடம் பெருமை பேசியிருக்கிறாள். அந்தப் பெருமை முழுவதும் நான் அவளை எருமையோடு சேர்த்துக் கட்டிய நாட்களின் பெருமை. மனுஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"மெஷினுக்குத் தமாசு புரியாது பிள்ளே" என்றேன்.

"அப்பம் திருப்பிக் குடுத்திருவோம். முப்பது நாளு ஆவல்லலா? உங்க சத்தத்தைக் கெடுத்துக் காட்டுத சாமானம் எனக்கு என்னத்துக்கு?"

"சரி" என்றேன். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வெட்கம் கெட்டவன் என்று சொல்வார்களே, அது நான்தான். அவளுக்குப் பத்து வருஷத்துக்குப் பிறகு கிடைத்த காதை, என் தோலைக் காப்பாற்றிக்கொள்ளத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினாள். மறுபடியும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். சனிக்கிழமை வரைக்கும் இருந்த நாலு நாளும் அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்த சுபிதா குதித்தாள். "பிரீனா கிட்ட காட்டாம ஒண்ணும் திருப்பிக் குடுக்கப்பிடாது. அம்மா, மெஷினைப் போடு. அப்பா, நீங்களும் வாங்க."

வடசேரியில் அந்தச் சின்ன அறையில் கனியைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தார்கள். மடியில் நோட்டு, கையில் பென்சில். சுபிதா பின்னால் நின்று 'சாப்பிட்டியா', 'எப்பம் வந்த', 'அதை இங்க கொண்டா' என்று மாற்றி மாற்றிச் சொன்னாள். பத்தில் ஒன்பதைக் கனி சரியாகக் குறித்திருந்தாள்.

பிரீனா நோட்டைப் பார்த்துக் கை தட்டினாள். "ராகமும் வந்தாச்சே ஆன்ட்டி! பின்ன எது தப்பா கேட்டுது?"

"இவரு சொன்னதுதான்" என்று கனி எழுந்தாள். சுபிதாவின் பக்கத்தில் போய் அவள் தோளில் கையை வைத்தாள். நான் சிரிப்பது போலவே முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, எருமையிலிருந்து காதை ஆட்டுவது வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவள் குரலில் அது கொஞ்சல். என் முகத்தில் இருந்த சிரிப்புக்குப் பொருத்தமான குரலை அவளே அதற்குப் போட்டுவிட்டிருந்தாள்.

"அப்பிடித்தான் சொன்னாரு. ஆனா மெஷின்ல ஏச்சு மாதிரி கேட்டுது" என்றாள்.

சுபிதா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பெற்ற மகளின் கண்ணை நேராகப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

பிரீனாவுக்கு என்ன தெரியும், பாவம்? "அங்கிள், அன்னைக்கு எப்பிடி சொன்னீங்களோ அதே மாதிரி பின்னால நின்னு ஒருக்க சொல்லுங்க" என்றாள். கனி மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அப்போதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் நடித்தேன். குரலைத் தாழ்த்தி, இழைத்து, கல்யாணமான புதிதில் கூட அப்படிப் பேசியிருக்க மாட்டேன், அத்தனை குழைவோடு அந்த எருமையைச் சொன்னேன். எனக்கே வாய் கசந்தது.

கனி திரும்பாமலே நோட்டில் குறித்தாள். பிரியம். "இப்பம் சரியா கேக்குது! அன்னைக்கு மெஷினுக்கு என்னமோ ஆயிட்டுது" என்று சந்தோஷமாகச் சிரித்தாள்.

"ஒண்ணும் ஆவல்ல ஆன்ட்டி" என்றாள் பிரீனா, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. "இன்னைக்கு நான் ஒண்ணையும் மாத்தல்ல. அன்னைக்கு இருந்த அதே அளவுதான்."

கனியின் பென்சில் நோட்டில் குறித்த இடத்திலேயே நின்றது.

"அப்பம் அன்னைக்கும் சரியாத்தான் கேட்டுதா?"

அவள் நாற்காலியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். என் வாய் என்னைக் கேட்காமலே சிரித்தது. பத்து வருஷப் பழக்கம்.

"சிரிக்காம சொல்லுங்க அத்தான்" என்றாள்.

சிரிப்பை எடுத்துவிட்டு அந்த முகத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"எத்தன நாளா?"

"பத்து வருசம் இருக்கும்" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் எதையோ எண்ணுவது போல விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். "கடைக்கு வந்தவிய எல்லாருக்கும் தெரியும் என்ன? நான் வாயைப் பொத்திட்டு சிரிச்சதையும் பாத்திருப்பாவ" என்றாள். அதைச் சொன்னபோது அவள் கை தானாக முந்தானைக்குப் போய், பாதியில் நின்று, மடியில் விழுந்தது. வெட்கப்பட வேண்டியவன் நான். கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தது அவள்.

சுபிதா அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது இருவரும் பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார்கள். நான் கொட்டாரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தலைப்பாகை கட்டிக்கொண்டு, நிழல்தாங்கல் என்று நாங்கள் சொல்கிற அய்யா வழிக் கோயிலுக்குப் போனேன். அங்கே சாமி இருக்கிற இடத்தில் கண்ணாடிதான் இருக்கும். வணங்கினால் நம் முகம்தான் எதிரே நிற்கும். அறுபது வயதை நெருங்குகிறவன், இத்தனை வருஷம் அதன் முன்னால் தலைப்பாகை நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதற்கு மேல் பார்க்கப் பயந்து, குனிந்தபடியே நெற்றியில் நாமம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது கடையில் கனி மெஷினைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறாள். அண்டா கேட்டால் அண்டா வருகிறது. வருகிறவர்கள் அவளிடமே கணக்காகப் பேசிவிட்டுப் போகிறார்கள். பாத்திரம் எடுக்க வந்த மரியான் விஷயம் தெரியாமல் ஒருநாள், "என்ன அண்ணாச்சி, எருமைக் கதை நின்னு போச்சு?" என்று கேட்டான். கனி பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல், "உருளி நாலா அஞ்சா மரியான்?" என்றாள். அவன் அசடு வழிந்தான். நான் பின்பக்கம் போய் ஏற்கெனவே கழுவி வைத்த கரண்டிகளைத் திரும்பக் கழுவினேன்.

வீட்டில்தான் வேறு மாதிரி. சாயங்காலம் எனக்கு முன்னாலேயே கடையிலிருந்து வந்துவிடுவாள். வெளிவாசல் இரும்புக் கதவு திறக்கும்போது கிரீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும், நான் உள்ளே வருவதற்குள், மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். முகத்தையும் பார்ப்பதில்லை. சாப்பாடு வைக்கிறாள், சட்டை மடித்து வைக்கிறாள், ஒரு குறையும் இல்லை. நான் அவளுக்கு வைத்திருந்தது போலவே. அவள் முதுகைப் பார்த்து எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கேட்காத காதுக்குச் சொல்வதில்தான் எனக்குப் பழக்கம் உண்டே.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். அதுவும் ஒரு திருட்டுத்தனம்தான், தெரிந்தே செய்தேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது கதவு மூச்சுக் காட்டவில்லை. அடுக்களை வாசல் வரைக்கும் போய்விட்டேன். கனி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். காதில் மெஷின் இருந்தது.

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்தேன். பயிற்சி நோட்டில் இருந்த வார்த்தைதான் வந்தது.

"சாப்பிட்டியா கனி?"

துருவுகிற கை நின்றது. நான் பிரியமாகக் கேட்டதாகத்தான் நினைத்தேன். அதற்காகக் குரலை எதுவும் செய்யவில்லை, வந்தபடி விட்டேன்.

அவள் திரும்பவில்லை. நோட்டில் குறிக்கிறவள் போல, "சங்கடம்" என்றாள்.

அவள் குறித்தது சரி. நல்ல மெஷின். கனி கையைத் துடைத்துவிட்டு இரண்டு காதிலிருந்தும் அதைக் கழற்றி, டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு மீதித் தேங்காயைத் துருவினாள்.